தொட்ட கையின் துணிவு

வாலாஜாபேட்டையில் புறப்பட்டு ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என்று பாலாற்றை ஒட்டி மேற்கே பிரயாணம் செய்கிறவர்களுக்குப் பச்சைத்தோலின் நெடியை நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே தொழிலோடு புதிய ஏற்பாட்டின் முக்கியமான ஓர் அத்தியாயம் பிணைந்திருக்கிறது என்பதை அந்தப் பகுதியிலேயே பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இயேசுவின் பிரதான சீடரான பேதுரு, யோப்பா என்னும் கடற்கரைப் பட்டணத்தில், தோல் பதனிடுகிற சீமோன் என்பவனுடைய வீட்டில் பல நாள் தங்கியிருந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. செத்த பிராணியைத் தொடுவது தீட்டு என்று விதித்திருந்த சமூகத்திலே, ஆசாரமான யூதர் ஒருவர் அத்தகைய வீட்டில் படுக்கையை விரிப்பது சாமானியமான காரியமல்ல. அந்த வீட்டு மேல்தளத்தில் ஜபம் செய்துகொண்டிருந்தபோதுதான், எந்த மனிதனையும் அசுத்தன் என்று தள்ளலாகாது என்ற ஞானம் அவருக்குத் தரிசனமாக வந்தது. மறுநாளே அவர் ரோமச் சேனையில் நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீட்டை நோக்கிப் புறப்பட்டார்.

வேதாகமத்தில் தைரியம் என்றவுடன் கவண்கல்லோடு நின்ற தாவீதும், சிங்கக் கெபியில் கிடந்த தானியேலும் நம் நினைவுக்கு வருகிறார்கள். கருணை என்றவுடன் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் செய்யும் தர்மம் நினைவுக்கு வருகிறது. முன்னது வீரர்களுக்கும் பின்னது இளகிய நெஞ்சக்காரர்களுக்கும் உரியவை என்று நாம் பாகம் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். அந்நூல்களை ஊன்றிப் படிக்கிறவருக்கோ, பயத்தை மிதித்துக்கொண்டு போகாத கருணை அங்கே மிகவும் அபூர்வம் என்பது புலப்படும். நல்ல சமாரியனின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி கள்ளர் பதுங்கும் வழி; குற்றுயிராகக் கிடந்தவனை அடித்தவர்கள் இன்னும் பாறை மறைவில் இருக்கக்கூடும். விலகிச் சென்ற ஆசாரியனையும் லேவியனையும் நாம் கல்நெஞ்சர் என்று ஏசுகிறோம். அவர்கள் வெறுமனே பயந்தவர்களாகவும் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சமாரியனோ காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, அவனைத் தன் சொந்த வாகனத்தின்மேல் ஏற்றினான். அப்படியானால் அவன் அந்த வழியில் மிருகத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துதானே போயிருக்க வேண்டும்? பிரசங்கங்களில் அதிகம் கேட்காத செய்தி இது.

இதைவிட நெருக்கமான காட்சி மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. கிழிந்த வஸ்திரத்தோடு, தான் தீட்டுள்ளவன் என்று தானே கூவிக்கொண்டு ஊருக்கு வெளியே வாழவேண்டும் என்று மோசேயின் பிரமாணம் விதித்த குஷ்டரோகி ஒருவன் இயேசுவின் முன் முழங்காற்படியிடுகிறான். தூரத்தில் கிடந்த நோயாளியை ஒரு வார்த்தையாலே குணப்படுத்தியவராகச் சுவிசேஷங்கள் காட்டும் அவர், இங்கே மனதுருகிக் கையை நீட்டி முதலில் தொடுகிறார். சுகம் பிறகுதான் வருகிறது. சுகமடைந்தவன் ஊரெங்கும் பேசித் திரிந்ததன் விளைவாக, இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாக நுழைய இயலாமல் வனாந்தரமான இடங்களில் தங்கினார் என்று அந்த அதிகாரம் முடிகிறது. ஒதுக்கப்பட்டவன் ஊருக்குள் வந்தான். தொட்டவர் வெளியே போனார்.

இந்தக் காட்சியை வேலூர்ச் சீமையில் சிலர் மெய்யாகவே நடத்திப் பார்த்தார்கள். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், தம் தந்தை ஆண் வைத்தியர் என்பதனாலேயே பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்கள் ஒரே இரவில் மாண்டதைத் திண்டிவனத்தில் கண்டு, டாக்டர் படிப்புக்குச் சென்றதும், வேலூரில் 1918இல் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதும் தமிழர் நன்கறிந்த சரித்திரம். கொல்லிமலையில் 1914இல் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் அந்த ஸ்தாபனத்திற்கு அறுவை வைத்தியராக வந்தார். மதமாற்ற நோக்கத்தை முன்னிட்டு மிஷனரிகளைப் பற்றி எழுப்பப்படும் விவாதம் நியாயமானதே. அவர்கள் கைகள் செய்ததைப் பார்க்க அது தடையாக வேண்டியதில்லை.

செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தபோது, மடங்கிப் போன விரல்களையுடைய ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, இயன்றமட்டும் இறுக்கும்படி கேட்டார். செத்துவிட்டதாக எல்லோரும் கருதிய அந்தக் கை அவரை வலியால் துடிக்க வைத்தது. முன்கையின் தசைகள் உயிரோடிருக்கின்றன, உள்ளங்கையின் சிறு தசைகள் மாத்திரமே செயலிழந்தன என்பதை அந்தப் பிடியிலேதான் அவர் கண்டுகொண்டார். நல்ல தசைநாண் ஒன்றை எடுத்துக் கிளைகளாகப் பிரித்து விரல்களில் இணைத்தால் மூடிய கை திறக்கும். ஆனால் தொழுநோயாளரைப் படுக்கையில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் அக்காலத்தில் ஆஸ்பத்திரிகளில் பொதுவாக இருந்தது. அவருடைய வேலை மண்சுவர் கொண்ட ஒரு சிறு அறையிலேயே தொடங்கிற்று.

துருப்பிடித்த ஒரு பூட்டோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில், தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் சொட்டிய ரத்தத்தைக் கண்டு விரலைப் பிடித்துப் பார்த்தால், சாவி சதையை எலும்புவரை அறுத்திருக்கிறது. பையனுக்கு அதன் சுரணையே இல்லை. விரல்கள் நோயினாலே அழுகி உதிர்வதில்லை, வலி என்னும் காவற்காரன் இல்லாத காரணத்தால் அன்றாடக் காயங்களிலே தேய்கின்றன என்ற முடிவுக்கு அவர் இப்படித்தான் வந்தார். இரவில் எலிகள் விரலைக் கடித்துச் சென்றதையும் தூங்குகிறவர்கள் உணரவில்லை என்று கண்டு, நோயாளிகளின் குடில்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. கால்களுக்கோ மிருதுவான நுண்துளை ரப்பரை அடியிலே வைத்த செருப்பு வந்தது. அதில் ஆணி கூடாது, ஏனெனில் மேலே கிளம்பிய ஆணி பாதத்தைத் துளைத்தாலும் அணிந்தவர் மாலைவரை நடந்துகொண்டேயிருப்பார்.

அறுவையில் கை நிமிர்ந்தவர்களுக்கு வேறொரு கஷ்டம் காத்திருந்தது. கை சரியாகிவிட்டபடியால் பிச்சை விழவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. ஆகவே கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்று சில குடிசைகள் எழுந்து, தச்சுவேலை கற்பிக்கப்பட்டது. கருணை எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பற்றி அது எழுப்பிய கேள்வி லேசானதல்ல. சமாரியனும் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசைக் கொடுத்து, மேற்செலவைத் திரும்பி வரும்போது தருவதாகக் கணக்கு வைத்துவிட்டே போனான்.

இவ்வளவும் செய்த பிராண்ட் பயம் அறியாதவர் என்று நினைப்பது தவறு. அமெரிக்கப் பிரயாணம் முடித்து லண்டனில் தங்கிய ஓர் இரவில், காலுறையைக் கழற்றும்போது தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. மனைவி மக்களைத் தொடலாகாதே, வேலூரில் தம்மை நம்பித் தொழுநோயாளரைத் தொட்ட இளைஞர்கள் என்ன ஆவார்கள் என்று விடியும்வரை தவித்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது. நெடுநேரம் ரயிலில் ஒரே இருப்பாக இருந்ததால் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் வியர்வை ரத்தத் துளிகளைப்போல் விழுந்தது என்று எழுதிய லூக்கா, தம் நாயகருடைய அச்சத்தை மறைக்க முயலவில்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்.

கேரளத்திலிருந்து வேலூருக்கு வந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். கையில் செய்யும் அறுவை உட்கார்ந்தே செய்யக்கூடியதல்லவா என்று பிராண்ட் வழிகாட்ட, அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் விரல்களை நிமிர்த்தினார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். வேலூர் ஸ்தாபனத்தின் மறுவாழ்வு நிலையம் 1966இல் அவர் முயற்சியால் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எழுந்து நடக்கிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் என்ன தெரியும் என்று அங்கே படுத்திருந்தவர்கள் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் வாதாடியிருக்கலாம், அவரிடம் மட்டும் முடியாது.