பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது

“வேணும்னே செய்யுது.” பூனை வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். விடியற்காலை நான்கு மணிக்கு வீடு முழுக்க ஓடுவது, மேசையில் இருக்கும் பேனாவைத் தட்டிவிடுவது, மணல் பெட்டி இருந்தும் மெத்தையில் சிறுநீர் கழிப்பது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விளக்கம்தான்.

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்துவந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. உரிமமும் மைக்ரோசிப்பும் இருந்தால் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். (தடை இருந்த காலத்திலும் பலர் வளர்த்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.) மாடி வீட்டில் சன்னலுக்கு வலை போட்டுத்தான் பூனையை வைத்திருக்க முடியும். அப்படியென்றால் அதன் உலகமே அந்த மூன்று, நான்கு அறைகள்தான்.

எங்கள் வீட்டுப் பூனை கருப்பன், ஐந்து வயது ஆண். அவனுக்குச் சாப்பாடு வைப்பது, மணல் அள்ளுவது, கயிறு ஆட்டி விளையாடுவது எல்லாமே அண்ணன்தான். அண்ணன் தேசிய சேவைக்குச் சென்ற இரண்டாவது வாரம், கருப்பன் அவருடைய மெத்தையில் சிறுநீர் கழித்தான். அடுத்து சோபா. அதற்கடுத்து, மடித்து வைத்திருந்த என் பள்ளிச் சீருடை. “அண்ணன் விட்டுட்டுப் போயிட்டான்னு கோபம், பழிவாங்குறான்” என்றார் அம்மா. “யாருக்காவது கொடுத்துடலாம்” என்றார் அப்பா. கொடுப்பதற்கு முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடலாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

“வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாறியதா?” என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. பரிசோதனையில் கிருமி இல்லை, கல் இல்லை. ஆனால் சிறுநீர்ப்பையில் அழற்சி இருந்தது. மன அழுத்தம் சில பூனைகளுக்கு இப்படி உடம்பில் வெளிப்படுமாம். சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறது. பூனை அந்த வலியை மணல் பெட்டியோடு முடிச்சுப் போட்டுவிட்டு, மெத்தென்று வேறு இடம் தேடுகிறது. துணியும் மெத்தையும் அகப்படுவது அதனால்தான். அண்ணன் மேல் கோபம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து இதுபற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் 2011ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை யோசிக்க வைத்தது. பராமரிப்பவர் மாறுவது, சாப்பாட்டு நேரம் தவறுவது போன்ற மாற்றங்கள் வந்தபோது, சிறுநீர்ப்பை நோயுள்ள பூனைகள் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தன, வாந்தி எடுத்தன, பெட்டிக்கு வெளியே கழித்தன. நமக்கு அற்பமாகத் தெரியும் மாற்றம் அவற்றுக்கு அற்பமில்லை.

அதன்பின் நாங்கள் செய்தவை எதுவும் பெரிய வேலை இல்லை. சாப்பாடு காலை ஆறரை, மாலை ஏழு என்று நேரம் குறித்து, அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மணல் பெட்டி இருந்தது துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில். அது சுழலும் சத்தத்தில் எனக்கே அங்கே நிற்கப் பிடிக்காது. பெட்டியை அமைதியான மூலைக்கு மாற்றி, இன்னொன்றும் வாங்கினோம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உலர் உணவைக் குறைத்து ஈர உணவைக் கூட்டினோம். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு. கறை பட்ட இடங்களை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைப்பதையும் நிறுத்தினோம். அந்த வாடை சிறுநீர் வாடை போலவே இருப்பதால், பூனை மறுபடியும் அங்கேயே போகக்கூடும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது.

ஒரு மாதத்தில் பெரும்பாலும் சரியானது. தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்தபோது மட்டும் மறுபடி ஒருமுறை சோபா நனைந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் துடைத்தார்.

அதிகாலை ஓட்டத்துக்கு மருந்தெல்லாம் தேவையில்லை. விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம். பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் தூங்கிய பூனை வேறு என்ன செய்யும்? தூங்கப் போகுமுன் பத்து நிமிடம் கயிற்றைத் துரத்தவிட்டு, பிடிக்கவும் விட்டு, பிறகு கொஞ்சம் சாப்பாடு வையுங்கள். வேட்டையாடித் தின்ற பூனை தன்னைச் சுத்தம் செய்துகொண்டு தூங்கிவிடும். நான்கு மணிக்குக் கத்தும்போது எழுந்து சாப்பாடு வைத்தால், நாளைக்கும் கத்தச் சொல்லி நாமே பழக்குகிறோம். எங்கள் வீட்டில் அம்மாவை அதிலிருந்து நிறுத்துவதுதான் கருப்பனைப் பழக்குவதைவிடச் சிரமமாக இருந்தது.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருங்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வராமல் முக்கினால், வலியில் கத்தினால், குழாய் அடைத்திருக்கலாம். மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருந்தகம் ஒன்றின் தொலைபேசி எண்ணை எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம், அம்மாவும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில்.