பூவைக் காக்கும் பனிக்கட்டி

கரண்ட் என்றதும் உங்களுக்கு மின்கம்பி நினைவுக்கு வரும். நான் இயற்பியல் ஆசிரியன்தான். ஆனால் இன்று சொல்லப்போவது ஐரோப்பாவில் விளையும் கரண்ட் பழத்தைப் பற்றி. கேக்கில் போடும் கரண்ட் அன்று இது. அது உலர்ந்த சிறு திராட்சை. கிரேக்க நாட்டின் கொரிந்து நகரப் பெயர் திரிந்து வந்தது. நாம் பேசும் கரண்டோ ஆளுயரப் புதர். பட்டாணி அளவுள்ள புளிப்புப் பழங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும்.

கறுப்புக் கரண்டில் வைட்டமின் சி மிகுதி. 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராம். ஆரஞ்சில் 50 தான். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அஞ்சி பிரிட்டனுக்கு ஆரஞ்சு வரத்துக் குறைந்தபோது, அரசு இப்பழப் பாகைக் குழந்தைகளுக்கு வழங்கியது.

இச்செடி அங்கு ஏப்ரலில் பூக்கும். அப்போதும் சில இரவுகளில் உறைபனி உண்டு. மேகமற்ற இரவில் நிலமும் செடியும் தம் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசிக் குளிர்ந்துவிடும். விரிந்த பூ சுழிக்குக் கீழே சுமார் 2 டிகிரி செண்டிகிரேடுக்குப் போனால் கருகிவிடும். ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போய்விடும்.

விவசாயி என்ன செய்கிறார் தெரியுமா? அந்தக் குளிரில் செடிகள்மேல் தண்ணீர் தெளிக்கிறார்! பூக்களை பனிக்கட்டி மூடுகிறது. பூ பிழைக்கிறது!

பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் படித்திருப்பீர்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. புதுநீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை பூவின் வெப்பநிலை சுழியை ஒட்டியே நிற்கும். பூவின் சாற்றில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது சுழியில் உறைவதில்லை. பனிக்கட்டி போர்வைபோல் காக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள்; அது தவறு. காப்பது உறைதல்தான்.

ஆகவே நடுவில் பம்பை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஈரம் ஆவியாகும். அதற்குக் கிராமுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை. அது பூவிலிருந்தே உறிஞ்சப்படும். தெளிக்காமலே விட்டிருந்தால் நேரும் சேதத்தைவிட இது அதிகமாகலாம். பொழுது விடிந்து பனிக்கட்டி உருகும்வரை அவருக்கு உறக்கம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இதே செடிக்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைக்காவிட்டால் வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விரியா. உலகம் வெப்பமாகிவரும் இந்நாளில் அதுவும் ஒரு கவலை. குறைந்த குளிரிலேயே மொட்டு விரியும் ரகங்களை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிவருகிறார்கள்.