பழசே தேவலை!

பன்னிரண்டு வருஷம் உழைத்த செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, போன தீபாவளிக்கு முன்பக்கம் கதவு வைத்த ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாங்கினோம். "பட்டனைத் தட்டினால் போதும், அதுவே எல்லாம் பார்த்துக்கும்" என்றார் என் கணவர். துணி என்னவோ பளிச்தான். ஆனால்...

பழசில், வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே கலர் துணி, அப்புறம் மிதியடி என்று மூன்று நடை போட்டுவிடுவேன். புதுசு ஒரு நடைக்குக் கொஞ்சமாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, வாஸ்தவம். ஆனால் மூன்று நடைக்கும் புதுத் தண்ணீர் கேட்கிறதே! 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே, அப்போது பக்கெட்டில் மொண்டு ஊற்றித் துவைத்தேன். இதில் அது நடக்காது. குழாயில் வேகம் குறைந்தால் ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

ஒருநாள் பையனின் யூனிஃபார்ம் சட்டையைப் போட மறந்துவிட்டேன். பாதியில் திறக்கலாமென்றால் கதவு பூட்டிக்கொண்டது. "ஏம்மா, சட்டை போட மெஷின்கிட்ட அனுமதி கேட்கணுமா?" என்று என் மாமியார் ஒரே சிரிப்பு.

இப்போது வெளியேறும் குழாயைப் பெரிய டிரம்மில் விட்டுத் தண்ணீரைப் பிடிக்கிறேன். மிதியடி மட்டும் மறுபடி கையால்தான்!

- ஒரு வாசகி, சென்னை.