நின்றால் கெடும் கார்: முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 பராமரிப்பு

மாஸ்டா எம்எக்ஸ்-5 இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையைப் பின்னால் மடக்கி வைக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1960களின் லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் கார்கள் தந்த ஓட்டும் சுகம் வேண்டும், அவற்றோடு வந்த ஓயாத எண்ணெய்க் கசிவும் மின்கோளாறும் வேண்டாம் என்பதே அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். எஞ்சின் முன்னால், இயங்குவது பின்சக்கரங்கள், எடை ஏறத்தாழ 950 கிலோ. 1997 வரை வந்த முதல் தலைமுறையில் முதலில் 1.6 லிட்டர் எஞ்சினும் பின்னர் 1.8 லிட்டர் எஞ்சினும் இருந்தன.

இந்தக் கார்களெல்லாம் இப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டியவை. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் வேகமாக ஓட்டித் தேய்ந்திருக்கும் என்றே பலரும் நினைப்பார்கள். எம்எக்ஸ்-5 விஷயத்தில் அது பெரும்பாலும் தவறு. ஓடி ஓடித் தேய்ந்ததைவிட, நின்று நின்று கெட்ட வண்டிகளே அதிகம். காருக்குள் புகும் தண்ணீர், மாற்றாமல் விட்ட திரவங்கள், அசையாமல் இறுகிய பாகங்கள் என்று கேடு அந்த வழிகளில்தான் வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, மழைநீர் வடியும் வழியை. துணிக்கூரையின் பின்பகுதியில் விழும் நீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள குழாய்களில் இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். இலைச்சருகும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நீர் தரைவிரிப்பை நனைக்கும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற அடிச்சட்டத்துக்குள் இறங்கித் தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வருவதால், பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்புளிப்பது கண்ணில் படும்போது உள்ளே தகடு பெரும்பாலும் போயிருக்கும். பிறகு வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. சோதிப்பதோ எளிது. ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றி, அது அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தால் போதும். சொட்டாவிட்டால் வளையக்கூடிய தடித்த நைலான் இழையை விட்டு அடைப்பை எடுக்கலாம். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது, குழாய் கிழிந்துவிடும்.

கூரையின் பின்ஜன்னல் கண்ணாடி அல்ல, மெல்லிய பிளாஸ்டிக். கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகக் கிடத்த வேண்டும். அவசரத்தில் அப்படியே மடக்கினால், அதிலும் குளிர்காலத்தில், மடிப்பிலேயே விரிசல் விடும்.

பேட்டரி பானட்டுக்குள் இல்லை, டிக்கியின் மூலையில் இருக்கிறது. எடையைச் சமன்செய்ய நல்ல ஏற்பாடு. ஆனால் மூடிய இடம். அதனால்தான் கசியாத வகை பேட்டரியும், அதிலிருந்து வரும் வாயுவை வெளியே கொண்டுபோகும் சிறு குழாயும் ஆலையிலேயே பொருத்தப்பட்டன. விலை குறைவு என்று சாதாரண அமில பேட்டரியைக் குழாய் இணைக்காமல் வைத்தால் டிக்கியின் தகடு அரித்துப்போகும்.

எஞ்சின் உழைப்பாளி. டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வழியில் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாதபடி இந்த எஞ்சின் அமைந்திருப்பது உரிமையாளரின் நல்லகாலம். வண்டி நின்றுபோகும், எஞ்சின் உடையாது. பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப்பையும் முன்பக்க ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவதே சிக்கனம். பாகங்களின் விலையைவிட அங்கே கைபோகும்வரை கழற்றும் கூலிதான் பெரிது.

அந்த வேலையில் ஓர் இடம் மிகுந்த கவனம் கேட்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின்களில் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. அதன் போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்காமல் விட்டால், புல்லி நழுவாமல் பிடிக்கும் சிறு சாவித்துண்டு தன் பள்ளத்தையே மெல்ல மெல்லத் தின்று அகலமாக்கும். எஞ்சினின் ஒத்திசைவு பிசகும், இழுவிசை குறையும், கடைசியில் ஷாஃப்ட்டே வீணாகும். புல்லியின் முகத்தில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டைமுனை. எட்டு இருந்தால் பின்னர் திருத்தப்பட்ட நீளமுனை. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடிச் சுழன்றால் அந்த வண்டியை வாங்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். இந்த போல்ட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை உத்தேசத்தில் இறுக்குவது, மெக்கானிக் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், தவறுதான்.

நாள்கணக்கில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் மேலே தட்டச்சு போல டிக்டிக் ஒலி கேட்கும். வால்வுகளின் இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் பாகங்கள் எண்ணெய் வடிந்து காலியாக இருப்பதன் ஒலி அது. புது ஆயில் மாற்றி நன்றாக ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஆயில் சொட்டினால், கியர் பாக்ஸை இறக்கிப் பின்சீலை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு உடனே வந்துவிடக் கூடாது. சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் கேம் ஷாஃப்ட்டின் கோணத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து இறுகினால் ஆயில் பின்பக்கமாக வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது அந்தச் சிறு வளையத்தைத்தான்.

ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதில் கறுப்பாக இருக்கும். வயதாக ஆகப் பச்சை கலந்த பழுப்பாக வெளுக்கும். அந்த நிறம் வந்துவிட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். வெடிக்கும்வரை காத்திருந்தால் எஞ்சின் சூடேறி அலுமினிய ஹெட் வளைந்துபோகும். ஒரு ரேடியேட்டரின் செலவு ஹெட் வேலையின் செலவில் சிறு பங்கு.

பிரேக்கிலும் கிளட்ச்சிலும் ஓடும் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கூடினால் கொதிநிலை குறையும், உள்ளே உலோகம் அரிக்கும். ஆகவே கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கிளட்ச் பெடல் திடீரெனத் தரையோடு ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் குற்றவாளி கியர் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள ஸ்லேவ் சிலிண்டர். அதோடு மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒன்று மட்டும் புதிதானால் அடுத்தது விரைவில் கசியத் தொடங்கும்.

ஹேண்ட் பிரேக் பிடிக்காவிட்டால் கேபிளை முறுக்குவது பலரும் செய்யும் பிழை. சரிசெய்யும் திருகு பின்பக்க காலிப்பருக்குள் இருக்கிறது. அதை மறைக்கும் சிறு போல்ட்டைக் கழற்றி, ஆலன் சாவியால் பேட் டிஸ்க்கை இறுகப் பிடிக்கும்வரை திருகி, பிறகு மூன்றில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். காலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் காய்ந்து சிக்கியிருந்தால் இதனால் பயனில்லை; கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

நான்கு சக்கரங்களின் சஸ்பென்ஷனும் இரட்டை விஷ்போன் வகை. வீல் அலைன்மென்ட் செய்ய உதவும் நீண்ட போல்ட்டுகள் புஷ்களுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். துருவிளக்கி எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவைப்பது பலன் தரும். முரட்டுத்தனம் போல்ட்டை முறிக்கும். அடியில் வேலை செய்ய முன்பக்கம் குறுக்குச் சட்டத்திலும் பின்பக்கம் டிஃபரென்ஷியல் கூட்டிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே யாரும் போகக் கூடாது.

டயரில் பூ தேயாமல் இருப்பது ஏமாற்றும். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணின் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். பத்து ஆண்டு நின்ற டயரின் ரப்பர் கல்லாகியிருக்கும். எடை குறைந்த பின்சக்கர இயக்கக் காரில், ஈரச்சாலையில் அது ஆபத்து.

உதிரிப் பாகங்களுக்கு இந்தக் காரில் பெரிய பஞ்சம் இல்லை. எம்எக்ஸ்-5இன் எல்லாத் தலைமுறைகளும் சேர்ந்து 2016இல் 10 லட்சத்தை எட்டின. 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களுக்கான மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. துணிக்கூரை, மரத்தாலான நார்டி ஸ்டீயரிங், தொடக்கத்தில் பொருத்திய 185/60 ஆர்14 அளவு பிரிட்ஜ்ஸ்டோன் டயர் ஆகியவை அதற்காக மறுபடியும் தயாரிக்கப்பட்டன.