மலையோடை மீன்களும் நமது பயிர்ச்செய்கையும்

ஊவா மலைச்சரிவுகளிற் பயிர் செய்வோருக்கு அருகில் ஓடும் சிற்றோடையே பெருந்துணை. பண்டாரவளைப் பகுதியின் ஓடைகளுட் பல, பதுளை ஓயாவையோ உமா ஓயாவையோ அடைந்து, ஈற்றில் மகாவலி கங்கையிற் கலக்கின்றன. வயலுக்கும் தோட்டத்துக்கும் நீர் தரும் இத்தகைய ஓடைகள் மீன்களுக்கும் உறைவிடமாகும்.

நமது நாட்டின் மலையோடைகளில், கூழாங்கற்களுக்கிடையே மறைந்து வாழும் மலை அயிரையும், வாயின் கீழுள்ள உறிஞ்சியாற் பாறையைப் பற்றிப் பாசியை மேயும் சிறு கெண்டை வகையொன்றும் இலங்கைக்கே உரிய இனங்கள். வேறெந்த நாட்டு ஆற்றிலும் இவை இல்லை. இங்கு அழிந்தால், வெளியிலிருந்து கொண்டுவந்து விடுதற்கு வழியில்லை.

இம்மீன்களுக்குப் பேரிடர் நேர்வது சிறுபோகத்திலாகும். பெரும்போகத்தில் நெல் விளைந்த வயல்களிற் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்வது இப்பகுதியின் வழக்கம். ஆனி முதல் ஆவணி வரை மழை குறைவாதலின், ஓடை மெலிந்து, மீன்கள் சிறு குட்டைகளில் ஒடுங்கிக் கிடக்கும். பயிருக்கு நீர் இறைப்பதும், பீடைகளுக்கு மருந்து தெளிப்பதும் அக்காலத்திலேயே. நீர் பெருகியோடும் மாதத்திற் கரைந்து போகக்கூடிய சிறிதளவு நஞ்சு, கோடையில் ஒரு குட்டையிலுள்ள மீன் முழுவதையும் கொல்லப் போதியது. தெளிகருவி கழுவிய இடத்துக்குக் கீழே, வயிறு மேலாக மிதந்த மீன்களைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர்.

மீனுக்குக் கொடிய நஞ்சாகிய எண்டோசல்பான் நமது நாட்டில் 1998இல் தடை செய்யப்பட்டது. எனினும், இன்று வழங்கும் சைப்பர்மெத்திரின் போன்ற மருந்துகளும், மனிதருக்கு நஞ்சு குறைந்தவையாயினும், மீனுக்கு மிகக் கொடியவை.

மற்றோர் இடர் மண்ணரிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையிற் சரிவிலிருந்து கழுவப்படும் மண், ஓடையிலுள்ள கற்களின் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. அங்குள்ள முட்டைகள் காற்றோட்டமுள்ள நீர் கிடையாது அழிகின்றன. அம்மண்ணோடு நாம் விலை கொடுத்து இட்ட பசளையும் போய்விடுகிறது. மண்ணரிப்பைத் தடுக்கவே 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

"மருந்து தெளிக்காவிடிற் கிழங்கு கிடையாதே" எனக் கமக்காரர் கேட்பது நியாயமே. மருந்தை முற்றாகக் கைவிடுமாறு எவரும் கூறவில்லை. பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தலே வேண்டப்படுவது:

1. தெளிகருவியை ஓடையிற் கழுவலாகாது. கழுவிய நீரை அதே பயிருக்குத் தெளித்து முடிக்க வேண்டும். வெற்றுப் போத்தல்களை நீரில் எறியலாகாது.

2. மழை வருங்குறி இருப்பின் தெளிப்பதை ஒத்திவைக்க வேண்டும். விளம்பரச் சீட்டிற் குறித்த அளவை மீறலாகாது.

3. ஓடைக்கரையைக் கொத்தாது, புல்லும் மரமும் வளர விட வேண்டும். சரிவில் சமவுயரக் கோட்டை ஒட்டிக் கல் வரம்பும் வடிகாலும் அமைக்க வேண்டும்.

4. நீர் இறைக்கும்போது குட்டை முற்றாக வற்றாதபடி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

5. நஞ்சிட்டோ வெடி வைத்தோ மீன் பிடித்தல் குற்றமாகும். வளர்ப்பு மீன்களையும் ஓடையில் விடலாகாது.

மேட்டிலுள்ள ஒருவர் ஓடையில் விடும் நஞ்சு, கீழே அந்நீரைக் குடிப்போரின் வீட்டையும் அடையும். ஆதலின் ஓரோடையைப் பயன்படுத்தும் கமக்காரர் அனைவரும் சிறுபோகத்துக்கு முன்பே கூடிப் பேசி, இவற்றை ஒருமித்துக் கடைப்பிடித்தல் நன்று. மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.