ஓடும் வண்டியில் ஒரு நீலச் சுடர்

நெருப்பைக் கொண்டு தயிரைக் குளிர வைக்கலாம் என்றால் நம்மில் பலர் நம்பமாட்டார்கள். அமெரிக்காவில் 'மோட்டார் ஹோம்' எனப்படும் வீட்டு வண்டிகள் பலவற்றில் இது அன்றாடம் நடக்கிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் கொண்ட அந்த வண்டியின் ஃபிரிட்ஜ், புரொப்பேன் எரிவாயுவில் இயங்குகிறது. வண்டி ஓடும்போது அதை எரிய விடலாமா என்பது அங்கே தீராத விவாதம். நியூஜெர்ஸியில் இருக்கும் மகள் குடும்பத்துடன் அப்படியொரு வண்டியை வாடகைக்கு எடுத்து, வர்ஜீனியா மலைப்பகுதி வரை சென்று வந்தோம். என் மனைவிக்கு இன்சுலின் தேவை. ஆகவே இந்த விவாதம் எங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

முதலில் தீ எப்படிக் குளிர்ச்சி தருகிறது என்று பார்ப்போம். தில்லிவாசிகளுக்கு இது எளிதில் விளங்கும். மே மாத வறண்ட காற்றில் நம் கூலர் அருமையாகக் குளிர வைக்கிறது. ஜூலையில் ஈரக்காற்று வந்ததும் அதே கூலர் வெறும் விசிறியாகிவிடுகிறது. காற்று வறண்டிருந்தால்தான் நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாகும்போதுதான் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இந்த ஃபிரிட்ஜில் நீருக்குப் பதில் அம்மோனியா, வறண்ட காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன். இரண்டும் சந்திக்கும் குழாய் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கே அம்மோனியா ஆவியாகி உள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் தீக்கு என்ன வேலை? ஆவியான அம்மோனியாவைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ரஜன் தண்ணீரில் கரையாமல் பிரிந்து திரும்பிவிடும். அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து மீண்டும் பிரிக்கச் சூடு வேண்டும். அதற்குத்தான் அந்தச் சின்ன நீலச் சுடர். பிரிந்த ஆவி பின்புறக் குழாய்களில் ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, திரவமாகி மறுபடி பெட்டிக்குள் இறங்குகிறது. மோட்டாரும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் 1922-இல் இதை உருவாக்கினார்கள். ஓட்டல் அறைகளில் சத்தமில்லாமல் இருக்கும் சிறு ஃபிரிட்ஜ்கள் பலவும் இந்த இனம்தான்.

திரவம் தன் எடையால் வழிந்து இறங்க வேண்டியிருப்பதால், நிறுத்திய வண்டி சாய்ந்திருக்கக் கூடாது. சாய்ந்தால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, சூடு மிகுந்து, காலப்போக்கில் குழாய் அடைத்துப்போகும். ஓடும் வண்டியில் இந்தக் கவலை குறைவு. ஆட்டத்தில் திரவம் அலைந்துகொண்டே இருக்கும்.

இந்த ஃபிரிட்ஜை வீட்டு மின்சாரத்திலும் ஓட்டலாம். சில வகைகள் வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்திலும் ஓடும். ஆனால் அவை சுமார் 15 ஆம்பியர் வரை விழுங்கும். எஞ்சின் நின்றால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். புரொப்பேனோ, நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குள் போதும். நம் சமையல் எரிவாயு பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. பியூட்டேன் உறைபனிக் குளிரில் ஆவியாக மறுக்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர் நாடுகளில் அதைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

இனி விவாதத்துக்கு வருவோம். எரிய விடலாம் என்பவர்கள் சொல்வது: லட்சக்கணக்கானோர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்; சுடர் அணைந்தால் வாயுவை அடைக்கும் வால்வு உண்டு; குழாய் அறுந்து வாயு பீறிட்டால் சிலிண்டரிலேயே அடைக்கும் அமைப்பும் உண்டு. வேண்டாம் என்பவர்கள் சொல்வது: டயர் வெடித்தோ, மோதியோ அடியில் ஓடும் வாயுக்குழாய் கிழியலாம், சிறு கசிவாக இருந்தால் அந்த அமைப்பு அதைக் கண்டுகொள்ளாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு தேங்கும்.

இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் இடம் பெட்ரோல் பங்க். சுடருக்குக் காற்று தரும் துவாரம் வண்டியின் வெளிப்பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. பெட்ரோல் ஆவியும் தரையோடு தவழ்வதுதான். சிலிண்டரை மட்டும் மூடினால் போதாது. தானியங்கி ஃபிரிட்ஜ் சுடர் அணைந்ததும் மறுபடி பற்றவைக்கப் பொறி தட்டும். ஆகவே முதலில் ஃபிரிட்ஜை அணைத்து, பிறகு சிலிண்டரை மூட வேண்டும். பங்குக்குள் நுழையும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது சுரங்கப்பாதை. பால்டிமோரின் ஃபோர்ட் மக்ஹென்றி சுரங்கத்திலும் ஹார்பர் சுரங்கத்திலும் 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் உள்ள சிலிண்டருடன் நுழையவே அனுமதி இல்லை, மூடியிருந்தாலும்கூட. முன்பு இத்தகைய வண்டிகள் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் வழியே போயின. 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. நாங்கள் 695-ஆம் சாலையின் மேற்குப் பாதியைச் சுற்றிக்கொண்டு போனோம்.

எங்கள் முடிவு இதுதான். ஓடும்போது எரிய வேண்டாம் என்றார் மாப்பிள்ளை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் இன்சுலின்? திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் எறிய வேண்டியதுதான். எனவே புறப்படுவதற்கு முதல் நாளே வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜைக் குளிர வைத்தோம். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கினோம். கதவைத் திறக்காவிட்டால் குளிர்ச்சி சுமார் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது மின்வெட்டுக்கு அங்கே சொல்லும் கணக்கு. நாங்கள் மூன்று மணிக்கு ஒருமுறை நின்றோம். மருந்தைப் பின்புறக் குளிர்த்தகட்டில் ஒட்டாமல் நடுத்தட்டில், ஒரு வெப்பமானியுடன் வைத்தோம். 3 டிகிரியில் கிளம்பியது ஒரு தடவையும் 6-ஐத் தாண்டவில்லை. முகாமில் நிறுத்தி, சமதளம் பார்த்த பிறகே சுடரை ஏற்றினோம். வழியில் குடிக்க எடுத்த மோரைத் தனிப் பனிப்பெட்டியில் வைத்ததால், பேரன் பெரிய கதவைத் தொடத் தேவையே வரவில்லை.

புதிய வண்டிகள் பலவற்றில் லித்தியம் பேட்டரியும் சூரியத் தகடும் கொண்டு ஓடும் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ்கள் வந்துவிட்டன. அவற்றில் இந்தக் கேள்வியே எழாது. ஆயினும் வாடகைக்குக் கிடைப்பவற்றில் நீலச் சுடர் வண்டிகள் இன்னும் நிறைய. பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம்மவர்கள் வண்டியைக் கையில் வாங்கும்போதே மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஃபிரிட்ஜ் எதில் ஓடுகிறது, சிலிண்டர் வால்வு எங்கே, போகும் வழியில் சுரங்கம் உண்டா. ஃபிரிட்ஜின் பின்பக்கம் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, அம்மோனியா நெடி அடித்தாலோ, வேறு வண்டி கேளுங்கள்.