காரின் சங்கீதமும் கம்பியின் பிடிப்பும்

மோட்டார் காரில் பிரயாணம் செய்துகொண்டே சங்கீதம் கேட்கவேண்டும் என்ற ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1930-ஆம் ஆண்டிலேயே சிக்காகோ நகரத்துப் பால் கால்வின் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கிவிட்டார். அந்த ஆசை இப்போது டிக்கியில் பெரிய ஊஃபரும், அதை முழக்க 500 வாட் ஆம்பிளிஃபயரும் வைத்தால்தான் திருப்தி அடைகிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஸ்பீக்கரின் பெயரையும் வாட் கணக்கையும் துருவித் துருவி விசாரிக்கிறவர்கள், பானெட்டின் அடியிலிருக்கும் பேட்டரியிலிருந்து டிக்கிவரை மின்சாரத்தைச் சுமந்து செல்லும் ஒயரைப் பற்றியோ, அது ஒவ்வோர் இடத்திலும் எவ்விதம் இணைக்கப்படுகிறது என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்பது அபூர்வம். அபாயம் குடியிருப்பதோ அந்த இணைப்புகளில்தான்.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். 500 வாட் ஒலியை வெளியிடும் ஆம்பிளிஃபயர், தனக்குள்ளே உஷ்ணமாக இழப்பதையும் சேர்த்து 700 வாட் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அச்சக்தியை வீட்டில் 3 ஆம்பியர் கொண்டுவந்து கொடுத்துவிடும். காரிலோ 50 ஆம்பியர் ஓடவேண்டும். ஒயரில் உண்டாகும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்ட விதியை இங்கே பிரயோகித்தால், ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கே தடையுள்ள, கண்ணுக்குக் குற்றமற்றதாகவே தோன்றக்கூடிய ஓர் இணைப்பு, 50 ஆம்பியர் ஓடும் நேரத்தில் 25 வாட் உஷ்ணத்தைக் கக்கும். ரேடியோ ரிப்பேர் கடைகளில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னும் பெரும்பாலும் 25 வாட்தான். அதை மூட்டிவிட்டு, கார்ப்பெட்டுக்கு அடியில் வைத்து மூடிவிட்டு, குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுவதற்குச் சமானமானது இது.

"அதற்குத்தான் ஃபியூஸ் இருக்கிறதே!" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஃபியூஸ் அவசியமே, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அது இருந்தாகவேண்டும் என்பதிலும் ஐயமில்லை, ஏனெனில், ஒயர் எங்கேனும் உரசிப் பாடியைத் தொட்டுவிட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஃபியூஸுக்கு முந்திய பகுதியையோ எதுவும் காப்பாற்றாது. ஆனால் லூஸ் கனெக்ஷன் விஷயத்தில் அது நமக்கு உதவாது. மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால்தான் ஃபியூஸ் உருகும். தளர்ந்த இணைப்போ மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கவே செய்கிறது. ஆகையால் ஃபியூஸ் தன் கடமையில் ஒரு குறையுமின்றி முழுதாக இருக்க, இணைப்பு மட்டும் கருகிக்கொண்டிருக்கும். அந்த ஃபியூஸ் பெட்டியின் ஸ்க்ரூவே தளர்ந்து பிளாஸ்டிக் இளகிப்போவதும் உண்டு.

எனவே, இரண்டு ஒயர்களின் நுனியைச் சீவி, கையால் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி மூடும் பழக்கத்தை நான் கடுமையாகவே கண்டிக்கிறேன். பானெட்டின் வெப்பத்தில் டேப்பின் பசை இளகும். சாலையின் அதிர்ச்சியில் முறுக்கு நெகிழும். நெகிழ்ந்த இடத்தில் காற்றும் ஈரமும் புகுந்து செம்பில் களிம்பேற்றும். களிம்பு தடையைக் கூட்ட, தடை உஷ்ணத்தைக் கூட்ட, உஷ்ணம் மேலும் களிம்பை வளர்க்க, கேடு தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதாதா என்றால், அதிலும் ஒரு சங்கடம் உண்டு. உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறி, மிருதுவான ஒயரைக் குச்சிபோல் விறைப்பாக்கிவிடுகிறது. விறைப்பு முடியும் இடத்திலே, ஓயாத அதிர்ச்சியால், இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. ஒயரின் பருமனுக்கு ஏற்ற செம்பு லக்கைத் தேர்ந்து, இழை ஒன்றையும் வெட்டாமல் உள்ளே செலுத்தி, தகுந்த கிரிம்பிங் கருவியால், இழையும் லக்கும் ஒரே உலோகக் கட்டிபோல் ஆகும்படி அழுத்தி, ஹீட்ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுவதே உத்தமமான முறை. கட்டிங் பிளேயரால் நசுக்குவது அந்த வேலையைச் செய்யாது. அழுத்தி முடித்ததும் பலமாக இழுத்துப் பார்க்கவேண்டும். கைக்கு வந்துவிடுகிற இணைப்பு பிரயாணத்திலும் வந்துவிடும்.

ஒயரிலும் ஏமாற்றம் உண்டு. அலுமினியத்தின்மேல் மெல்லிய செம்பு பூசிய மலிவு ஒயர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. அன்றியும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் அது நாளடைவில் நசுங்கி விலகுவதால், இறுக்கி வைத்த இணைப்பும் தானாகவே தளர்ந்துவிடுகிறது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால், உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். உள்ளும் சிவந்திருப்பது செம்பு.

பாஸிட்டிவ் ஒயருக்குக் காட்டுகிற சிரத்தையில் பாதிகூட எர்த் ஒயருக்குப் பலர் காட்டுவதில்லை. போன மின்சாரம் அத்தனையும் பாடி வழியாகத் திரும்பியாகவேண்டும். ஆகவே எர்த் ஒயர் அதே பருமனில், கூடியவரை குட்டையாக இருக்கவேண்டும். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, பல்வாஷர் வைத்து முடுக்கி, பிறகு துருப்பிடிக்காமல் மேலே பெயின்ட் பூசவேண்டும். சீட் பெல்ட்டைத் தாங்கும் போல்ட்டை மட்டும் இதற்குத் தொடலாகாது. அது உயிரைக் காக்கும் பொறுப்புடையது. இன்ஜின் தடுப்புத் தகட்டைத் துளைத்து ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட் இருக்கட்டும். எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அதைக் கடைசியிலேயே மாட்டவேண்டும்.

எல்லாம் முடிந்தபின், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாஸிட்டிவிலும் மற்றதை ஆம்பிளிஃபயரின் பாஸிட்டிவிலும் வைத்து, பாட்டை உரக்க ஒலிக்கவிட்டுப் பாருங்கள். பிறகு எர்த் பக்கத்தையும் அவ்வாறே பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை. தொட்டுப் பார்த்தால் சூடே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பரிசோதனைக்குச் சில நிமிஷங்கள் போதும். கார்ப்பெட்டைப் போட்டு மூடுவதற்கு முன்பாக ஒவ்வோர் இணைப்பையும் காட்டும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மீட்டரை வைத்துப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.